உங்கள் மேல் நீங்களே போடும் முதலீடு

முதலீடு என்றதும் நம் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு நகை, சீட்டு, மீஞ்சூர் தாண்டி ஒரு மனை, இந்த மூன்றும்தான் நினைவுக்கு வரும். கொஞ்சம் இளையவர்கள் என்றால் மியூச்சுவல் ஃபண்டு. "உன் மேலேயே முதலீடு செய்" என்று யாராவது ஆரம்பித்தால், ஏதோ கோர்ஸ் விற்க வந்திருக்கிறார் என்று சந்தேகப்படுகிறோம். பல நேரம் அந்தச் சந்தேகம் சரிதான். ஆனாலும் அந்தப் பேச்சுக்கு அடியில் உருப்படியான ஒரு கருத்து இருக்கிறது. அதைப் புதிதாகக் கேட்பவர்களுக்காக, வடசென்னையிலேயே நின்று விளக்கிப் பார்க்கிறேன்.

காசிமேட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று வைத்த தடை. விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வரும்படி கிடையாது. ஆனால் படகுக்காரர்கள் அதிகமாகச் செலவழிப்பதும் அந்த இரண்டு மாதத்தில்தான். படகைக் கரையேற்றுவார்கள், பலகை இடுக்கை அடைப்பார்கள், இன்ஜினைப் பிரித்து மாட்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், கிழிந்த வலையைக் கோர்ப்பார்கள். காசே வராத மாதத்தில் இவ்வளவு செலவு எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மீதிப் பத்து மாதமும் அதை நம்பித்தானே உள்ளே போகப்போகிறார்கள்? அதே ஆளிடம், "அண்ணே, முட்டி வலிக்குதுன்னு சொன்னீங்களே, டாக்டரப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம்பா" என்பார்.

கருத்து இவ்வளவுதான். நமக்குச் சோறு போடுகிற உடம்பு, கையில் இருக்கும் தொழில், மனசின் நிலை, கூப்பிட்டால் வந்து நிற்கிற நாலு பேர், இவையும் சொத்துதான். கவனிக்காவிட்டால் தேயும். கவனித்தால் நீண்ட நாள் உழைக்கும். இன்றைக்குக் கொஞ்சம் பணத்தையோ நேரத்தையோ சுகத்தையோ விட்டுக்கொடுத்து, பல ஆண்டுகளுக்கு அதன் பலனை எடுத்துக்கொள்வதைத்தான் தன்மேல் முதலீடு செய்வது என்கிறார்கள்.

பொருளாதாரத்தில் இதற்கு மனித மூலதனம் என்று பெயர். ஆடம் ஸ்மித் 1776-லேயே, ஒருவர் கற்றுக்கொண்ட திறமையும் இயந்திரத்தைப் போல மூலதனம்தான் என்று எழுதிவிட்டார். 1960-களில் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் தியடோர் ஷூல்ட்ஸும் கேரி பெக்கரும் அதை முழுக் கோட்பாடாக வளர்த்தார்கள். ஷூல்ட்ஸுக்கு 1979-லும் பெக்கருக்கு 1992-லும் நோபல் பரிசு கிடைத்தது. பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் ஆகும் காசைச் செலவுக் கணக்கில் எழுதக்கூடாது, முதலீட்டுக் கணக்கில் எழுத வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இந்தக் கோட்பாட்டைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் புதிதாகக் கூட்டிக்கொள்வதைப் பற்றியே பேசுகிறார்கள்: இன்னொரு பட்டம், இன்னொரு மொழி, இன்னொரு சான்றிதழ். துறைமுகத்தில் சுமை இறக்குகிறவரும், லேத் பட்டறையில் பத்து மணி நேரம் நிற்கிறவரும், விடிவதற்கு முன் கூடையோடு ஏலத்துக்குப் போகிற மீன்கார அக்காவும் வாழ்கிற ஊரில் வரிசையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்பது என் எண்ணம். முதலில், இருப்பது கெடாமல் பார்த்துக்கொள்வது. கூட்டுவதெல்லாம் அப்புறம்.

உடம்பு

கண்ணாடியிலிருந்து தொடங்குகிறேன், மலிவு என்பதால். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் வருவது. ஊசியில் நூல் கோர்க்க முடியாது, ஸ்கேலில் கோடு தெரியாது, மருந்துச் சீட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்போம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, அசாமில் தேயிலை பறிக்கும் நாற்பது வயது தாண்டிய தொழிலாளர்கள் 751 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பாதிப் பேருக்குப் படிக்கிற கண்ணாடி உடனே கொடுத்தார்கள், மீதிப் பேருக்குப் பிறகு. கண்ணாடி போட்டவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாகப் பறித்தார்கள். சில நூறு ரூபாய்க் கண்ணாடி. எந்த ஃபிக்சட் டெபாசிட் இப்படித் தருகிறது? ஆனால் நம் பட்டறைகளில் கண்ணாடி போட்டால் "வயசாயிடுச்சா?" என்று கிண்டல் பண்ணுவார்களே என்று வெட்கப்பட்டு, கண்ணைச் சுருக்கியே ஓட்டுகிற ஆட்கள் நிறைய.

அடுத்தது ஹெல்மெட். எண்ணூர் விரைவுச் சாலையில், மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, ஆனாலும் பாதிப் பேர் அதைப் பெட்ரோல் டேங்க் மேலேதான் வைத்திருக்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் அணிந்தால் விபத்தில் சாகும் வாய்ப்பு சுமார் 42 சதவீதமும், தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், பட்டையை மாட்டுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் தலை ஒன்றுதான்.

சர்க்கரைக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த நோயின் ஆராய்ச்சி வரலாற்றில் நம் பகுதிக்கு ஓர் இடம் உண்டு. இந்தியாவில் சர்க்கரை நோய் மருத்துவத்தின் முன்னோடி என்று சொல்லப்படும் பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954-இல் மருத்துவமனை தொடங்கியது இராயபுரத்தில். பிற்காலத்தில் சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. சர்க்கரை இன்னும் வரவில்லை, ஆனால் வரும் நிலையில் இருக்கிறது என்ற 531 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்குத் தினமும் அரை மணி நடையும், மாவுச்சத்து, கொழுப்பு, சர்க்கரை குறைத்த சாப்பாடும். மூன்றாண்டுக் கணக்கில் முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடந்தவர்கள் பிரிவில் 39 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் நிதானமாகப் பாருங்கள். நடந்தவர்களிலும் நூற்றுக்கு 39 பேருக்கு வந்திருக்கிறது. முதலீடு என்றால் இப்படித்தான், உத்தரவாதம் கிடையாது. வாய்ப்பை நம் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள்வதுதான் நடக்கும். "எங்க மாமா தினமும் நடந்தாரு, அவருக்கே வந்துச்சு" என்று சொல்கிறவரிடம் சண்டை போட வேண்டாம். அவர் மாமா அந்த 39-இல் ஒருவர். நடக்காமல் இருந்திருந்தால் அந்த எண் 55.

எங்கே நடப்பது என்பது நம் பக்கத்தில் நியாயமான கேள்வி. தெருவில் பாதி பைக், மீதி பள்ளம். பெரம்பூர்க்காரர்களுக்கு முரசொலி மாறன் பூங்கா இருக்கிறது. இராயபுரத்தில், 1949-இல் தி.மு.க.வின் தொடக்க விழாக் கூட்டம் நடந்த பழைய ராபின்சன் பூங்கா இருக்கிறது. இரண்டும் தூரம் என்றால் மொட்டை மாடி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. "நான் நாள் முழுக்க மூட்டை தூக்குறேன், எனக்கு எதுக்குப் பயிற்சி?" என்று கேட்டால், சரியான கேள்விதான். அவருக்குத் தேவை இன்னும் கொஞ்சம் உழைப்பல்ல. இடுப்பு வளையாமல் தூக்கும் முறை, நடுவில் தண்ணீர், இரவில் தூக்கம். எல்லோருக்கும் ஒரே மருந்து எழுதுகிற அறிவுரைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

சாப்பாட்டில் நம் பக்கத்துக்கு ஒரு வசதி உண்டு, மீன். வஞ்சிரத்தைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. நெத்திலியை முள்ளோடு தின்னலாம், சுண்ணாம்புச் சத்து அப்படியே உள்ளே போகும். கருவாட்டில் மட்டும் கை கவனமாக இருக்கட்டும், உப்பு. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டிக்குள் என்கிறார்கள். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் ஒரே வேளையில் வந்தால் அந்தக் கணக்கு மதியமே முடிந்தது.

முப்பது வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ, வெறும் வயிற்றில் சர்க்கரை 126-ஐத் தொட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை 100-க்கும் 125-க்கும் நடுவில் என்றால் எல்லைக்கோடு. மேலே சொன்ன ஆய்வு கிட்டத்தட்ட இப்படிப்பட்டவர்களைப் பற்றியதுதான். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் பார்க்கிறார்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீட்டில் பாட்டிக்கு மாத்திரை கொடுக்க வருகிற அந்த அம்மாவிடமே, "எனக்கும் ஒரு தபா பிரஷர் பாருங்கக்கா" என்று கையை நீட்டலாம்.

வீட்டுப் பெண்களிடம் தன்மேல் முதலீடு என்று சொன்னாலே, "எனக்கு எதுக்கு, பசங்களுக்குப் போதும்" என்பார்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் இருப்பதை வழித்துச் சாப்பிடுவது பல வீடுகளில் இன்னும் வழக்கம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை "வயசு" என்றும், எப்போதும் சோர்வாக இருப்பதை "வேலை" என்றும் எடுத்துக்கொள்கிறோம். ஹீமோகுளோபின் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம். குடும்பத்தின் மொத்தப் பாரமும் ஒருவர் மேல் இருக்கும்போது, அவர் உடம்புக்குச் செலவழிப்பதைச் சுயநலம் என்று நினைப்பது கணக்குத் தெரியாத பேச்சு.

தூக்கமும் ஓய்வும்

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பெரம்பூர் பக்கம் நாம் பின்னி மில் என்று சொல்கிற பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களை வைத்து, செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முயன்று, வாடியாவும் திரு.வி.க.வும் தலைமைக்கு வந்து அமைந்த சங்கம். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. அவர்கள் எழுப்பிய முதல் குறைகளில் ஒன்று கூலி அல்ல, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. ஐந்தாண்டு கழித்து, 1923 மே 1 அன்று, சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தை இதே நகரத்தின் கடற்கரையில் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையின் மறுபக்கம் எட்டு மணி நேர ஓய்வு.

போராடி வாங்கிய அந்த ஓய்வை இன்று நாமே செல்போனுக்குக் கொடுத்துவிடுகிறோம், அது வேறு கதை.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். 1997-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வொன்று, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை-கண் வேகம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிறது என்று காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 0.03. அதாவது காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்கு மேல் வண்டி ஓட்டுகிறவர், சொட்டுக் குடிக்காமலேயே அந்த வரம்பைத் தாண்டியவர் மாதிரி ஓட்டுகிறார். போலீஸ் ஊதச் சொன்னால் மிஷினில் ஒன்றும் காட்டாது. லேத் சக்கரத்துக்கும் லாரி டயருக்கும் தெரியும்.

இரவு ஷிப்ட்காரர்களுக்கும் ஏலத்துக்கு நடுராத்திரி எழுகிறவர்களுக்கும் "சீக்கிரம் படுங்கள்" என்ற அறிவுரை பயன்படாது. அவர்கள் செய்யக்கூடியது, தூங்கும் நேரம் எதுவானாலும் அதைத் தினமும் ஒன்றாக வைப்பது, ஜன்னலுக்குக் கெட்டியான கருந்துணி போடுவது, தூங்கப்போகும் முன் டீயைத் தவிர்ப்பது. ஒரே அறை வீட்டில் பகலில் தூங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்ததுதான். அந்தக் கருந்துணியும் காதுக்குப் பஞ்சும் வாங்குகிற இருநூறு ரூபாயையும் முதலீட்டுக் கணக்கிலேயே எழுதலாம்.

கையில் இருக்கும் தொழில்

பெக்கர் திறமையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, எங்கே போனாலும் விலைபோகும் திறமை. இன்னொன்று, ஒரே ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் விலைபோகும் திறமை. ஒரு குறிப்பிட்ட ஆலையின் குறிப்பிட்ட மிஷினை ஓட்டத் தெரிவது இரண்டாவது வகை. அந்த ஆலை இருக்கும் வரை அதற்கு மதிப்பு. பின்னி மில் 1996-இல் மூடியபோது நம் பகுதி அதைக் கண்ணால் பார்த்தது. ஒரு கதவு மூடியதும், பல ஆண்டு அனுபவத்துக்கு வெளியே கேட்பாரில்லை.

இன்னொரு பக்கம் ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப். 1955-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 2018-இல் தன் பழைய வகைப் பெட்டிகளைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகளுக்கு முழுதாக மாறியது. வந்தே பாரத் ரயிலின் முதல் வண்டி வெளியே வந்ததும் அதே ஆண்டுதான். சாதாரண இரும்பில் வெல்டிங் அடிப்பதும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அடிப்பதும் ஒன்றல்ல, சூட்டின் அளவு, வாயு, கைவேகம் எல்லாமே வேறு. அந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொண்ட வெல்டருக்கு உணவு ஆலையிலும் மருந்து ஆலையிலும்கூட வேலை உண்டு. எதைக் கற்றுக்கொள்வது என்று குழம்பினால், "இந்தக் கம்பெனி நாளைக்கு இல்லாவிட்டாலும் இது விலைபோகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். இருக்கும் தொழிலுக்கு ஒட்டினாற்போல ஒரு படி மேலே போவதுதான் பெரும்பாலும் லாபம். லேத் ஓட்டுகிறவர் கம்ப்யூட்டரில் இயங்கும் சி.என்.சி. மிஷினைக் கற்பது, தையல்காரர் பிளவுஸ் கட்டிங்கில் கை தேர்வது, டெலிவரி ஓட்டுகிற பையன் வண்டி மெக்கானிசம் கற்பது. எங்கேயோ தொடங்கி எங்கேயோ தாவுகிற ஆசை விளம்பரங்களுக்குத்தான் நல்லது.

விளம்பரம் என்றதும் கோர்ஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் கட்டியது படித்தது ஆகாது. முப்பதாயிரம் கட்டிச் சேர்ந்துவிட்டால் பாதி கிணறு தாண்டியதாக நினைப்போம். கணக்கில் இன்னும் எதுவும் வரவாகவில்லை, செலவு மட்டும்தான் எழுதியாகிவிட்டது. முதலில் காசில்லாமல் கிடைப்பதை இரண்டு மாதம் செய்து பாருங்கள். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இணையத்தில் இலவசம், சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். அரசு ஐ.டி.ஐ.க்கள் இருக்கின்றன. அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியில் அரசு நடத்தும் இலவசப் பயிற்சி மையம் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளின் பெரிய குறை. அதற்காகவே கொளத்தூரில் 2024 நவம்பரில் 'முதல்வர் படைப்பகம்' என்று ஓர் இடத்தைத் திறந்தார்கள். இப்படிப்பட்ட இடங்கள் ஒவ்வொரு பகுதியிலும் வந்தால், எத்தனையோ கோர்ஸ்களைவிட அதிகம் சாதிக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தால், அப்புறம் காசு கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கடனும் சேமிப்பும்

பணத்தை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. உடம்பு விழுந்தால் சேமிப்பு ஒரே வாரத்தில் கரையும். ஆனால் சேமிப்பே இல்லாவிட்டால், சின்னக் காய்ச்சல்கூட நம்மை, கடன் கொடுத்துத் தினமும் வசூலிக்கும் தண்டல்காரரிடம் கொண்டுபோய் நிறுத்தும்.

தண்டல் கணக்கை ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் தண்டல் என்றால் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம் (பிடித்தம் இடத்துக்கு இடம் மாறும்). நாளுக்கு நூறு, நூறு நாள். "ஆயிரம்தானே வட்டி, பத்து சதவீதம்" என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்பதாயிரம் நூறு நாளும் உங்களிடம் இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறீர்கள். சராசரியாக உங்கள் கையில் இருந்தது சுமார் 4,500. அதற்கு நூறு நாள் வட்டி ஆயிரம். ஆண்டுக் கணக்கில் இது 80 சதவீதத்தைத் தொடுகிறது. இப்படி ஒரு கடனை அடைப்பதைவிட லாபமான முதலீடு சந்தையில் எதுவும் இல்லை. அதனால் தண்டல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஷேர், ஃபண்டு பேச்செல்லாம் வேண்டாம். முதலில் அதை முடியுங்கள்.

முடிந்ததும் இரண்டு மாதச் செலவுக்குக் காசு தனியாக நிற்கட்டும். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் நூறு ரூபாயிலிருந்து போடலாம், அங்கிருந்து தொடங்கினாலும் தப்பில்லை. அதற்கு மேல் நீண்ட காலத்துக்கு ஒரு கணக்கைக் காட்டுகிறேன். நாளுக்கு 50, மாதம் 1,500 ரூபாய், ஆண்டுக்கு 7 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 20 ஆண்டில் நீங்கள் போட்டது 3 லட்சத்து 60 ஆயிரம், கிடைப்பது சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம். அதையே 30 ஆண்டு ஓட்டினால் போட்டது 5 லட்சத்து 40 ஆயிரம், கிடைப்பது சுமார் 18 லட்சம். கடைசிப் பத்தாண்டில் நீங்கள் கூடுதலாகப் போட்டது 1 லட்சத்து 80 ஆயிரம்தான், வந்ததோ பத்து லட்சத்துக்கும் மேல். வட்டி குட்டி போடுவது என்பது இதுதான். பெரிய தொகையைவிட நீண்ட காலம் முக்கியம். நடைக்கும் தூக்கத்துக்கும் இதே குணம் உண்டு, ஒரு மாதத்தில் ஒன்றும் தெரியாது.

சீட்டு கட்டுவதானால் பதிவு பெற்றதா என்று பார்த்துக் கட்டுங்கள். இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லியும் யாரும் கேட்பதில்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

நாலு பேர்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-இல் சில நூறு இளைஞர்களைப் பின்தொடரத் தொடங்கியது. ஆராய்ச்சியாளர்கள் மாறினார்கள், ஆனால் ஆய்வு எண்பது ஆண்டு தாண்டியும் ஓடுகிறது. முதுமையில் யார் உடம்பாலும் மனசாலும் நன்றாக இருக்கிறார்கள் என்று பார்த்தபோது, காசையும் பேரையும்விட, நெருக்கமான உறவுகள் இருந்ததுதான் தெளிவாகத் தெரிந்தது.

இந்த ஒரு விஷயத்தில் வடசென்னை பணக்கார ஏரியாக்களைவிட முன்னால் நிற்கிறது. தெருமுனையில் கேரம் போர்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, சாவு வீட்டுக்குப் பந்தல் போடப் பத்துப் பேர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள். எல்லோருக்கும் தங்கம் வராது, வர வேண்டியதும் இல்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் போர்டைச் சுற்றி நிற்கும் நாலு பேரில் ஒருவர், மூன்று நாள் நீங்கள் வராவிட்டால் வீட்டுக்கு வந்து கேட்பார். அந்த ஆள்தான் சொத்து. வேலை கிடைத்து, கல்யாணம் ஆகி, மாதவரம் தாண்டி ஃபிளாட் வாங்கிப் போனதும் முதலில் அறுந்து போவது இந்தக் கயிறுதான். கடன் கேட்க மட்டும் போன் போடாமல், சும்மாவும் ஒரு போன் போட்டு வையுங்கள். மனசு ரொம்பவும் பாரமாக இருந்து, தெரிந்தவரிடம் சொல்ல முடியாவிட்டால், 14416 என்ற எண் இருக்கிறது. டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி. தமிழிலேயே பேசலாம்.

தனி ஆளால் ஆகாதது

தன்மேல் முதலீடு பற்றிப் பேசுகிறவர்கள் தொடாமல் விடுகிற இடம் ஒன்று உண்டு. கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையை நடைப்பயிற்சி சரிசெய்யாது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. அதே மாதம் எண்ணூர்ப் பக்கம் அமோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இங்கே நீங்கள் எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டாலும் உங்கள் நுரையீரல் உங்கள் கையில் மட்டும் இல்லை. "உன் நலம் உன் பொறுப்பு" என்று சொல்லி மொத்தத்தையும் தனி ஆள் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வார்டு அளவில் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று கேட்பதும், தெருவாக ஒன்றுசேர்ந்து மனு கொடுப்பதும் உங்கள் உடம்புக்காகச் செய்வதுதான். ஜிம்முக்குக் கட்டணம் உண்டு, அந்தக் கூட்டத்துக்குக் கிடையாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். இந்த வாரம் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். தண்டல் இருந்தால் அதன் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் என்றால், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் வரை அதில் சிகிச்சை உண்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு அதைத் தேடக்கூடாது. வங்கியில் இரண்டு மத்திய அரசுக் காப்பீடுகள் இருக்கின்றன. 18 முதல் 50 வயதுக்குள் சேர்ந்தால் ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு. 18 முதல் 70 வயதுக்கு ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு. இரண்டும் ஜூன் 1 முதல் மறு ஆண்டு மே 31 வரை ஓடுகிற திட்டங்கள், பிரீமியத்தைக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே சேர்ந்திருக்கிறவர்களிலும் பலருக்கு இது அறுந்து போவதற்குக் காரணம், மே மாதக் கடைசியில் கணக்கில் காசில்லாதது. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் மாதம் வேறு. அந்த ஒரு வாரம் மட்டும் 456 ரூபாயை எடுக்காமல் விட்டுவைத்து, பிடித்ததற்கு எஸ்எம்எஸ் வந்ததா என்று பாருங்கள். வராவிட்டால் ஜூன் முதல் வாரமே வங்கிக்குப் போய்க் கேளுங்கள்.